ஒழுங்கும் விடுதலையும்
பிறர் வகுத்த ஒழுங்குக்குத் தன்னை முழுதாக ஒப்புக்கொடுப்பவர் சுதந்திரமானவரா? ஜப்பானின் கியோட்டோ நகரத்தில், விருந்தினரைக் கலைகளால் மகிழ்விக்கும் கெய்ஷாக்களின் வாழ்வு இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. அங்கே பயிற்சி நிலையிலுள்ள மைக்கோ ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நடனமும் ஷாமிசென் இசையும் தேநீர்ச் சடங்கும் கற்கிறாள். விருந்தினரிடம் பேசவும், பேசாதிருக்கவும் பழகுகிறாள். முதிர்ந்த கலைஞர்களும் ஆசிரியரிடம் செல்வதை நிறுத்துவதில்லை. ஜென் பௌத்தத்தின் செல்வாக்கில் வளர்ந்த தேநீர்ச் சடங்கு உணர்த்துவதும் இதுவே: வடிவத்தை இடைவிடாது பயின்றால் ‘நான்’ என்னும் முனைப்பு தணியும், செயல் தடையின்றிப் பிறக்கும். ஆகவே ஒழுங்கு விடுதலைக்குப் பகை அன்று என்பேன்.

முற்காலத்தில் வறுமையால் கெய்ஷா விடுதிகளுக்கு விற்கப்பட்ட சிறுமிகளின் துயரத்துக்கு இத்தத்துவம் திரையாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1872இல் ஜப்பானிய அரசு கெய்ஷாக்களை விடுவித்து ஆணையிட்ட பிறகும் முன்பணக் கடன் பல சிறுமிகளைப் பிணைத்தே வைத்திருந்தது. அவர்கள் கற்ற கலை எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த அநீதி குறையாது. இன்று கட்டாயக் கல்வியை முடித்தவர்களே, தம் விருப்பத்தால் வருகிறார்கள். ஆயினும் அவர்களின் செலவை, அவர்கள் தங்கிப் பயிலும் விடுதி ஏற்பதால், பயிற்சிக் காலத்தில் மைக்கோவின் வருவாய் அவள் கைக்கு நேராக வருவதில்லை. விலக நினைப்பவளுக்கு அது சுமையாகலாம்.

அப்படியானால் விருப்பம் மட்டும் போதுமே, பயிற்சி எதற்கு என்பார்கள். விருப்பம் ஒருவரைத் தொடங்க வைக்கும்; பக்குவப்படுத்துவது பயிற்சிதான். விலகும் உரிமை இருக்கும் இடத்தில் மட்டுமே ஒழுங்கு தவமாகிறது. அந்த உரிமை இல்லையேல், எத்தனை அழகானாலும், அது அடிமைத்தனமே.