நாளைக்கு என்று ஒரு பிடி!

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அதே பெரியவர்கள்தான், 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்றும் சொல்லி வைத்தார்கள். ஒன்று, எல்லாவற்றையும் இறைவன் பார்த்துக் கொள்வான் என்கிறது. மற்றொன்று, நீயும் கொஞ்சம் எடுத்து வை என்கிறது. இரண்டில் எதைக் கேட்பது?

பண்டிதர்கள் மண்டபத்தில் அமர்ந்து விவாதிக்க வேண்டிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தினமும் நம் அடுக்களையில் எழுகிற கேள்விதான் இது. அரிசிப் பானையையும் புளி ஜாடியையும் நிரப்பி வைக்கிற அதே பெண்மணி, பூஜை அறைக்கு வந்து 'எல்லாம் உன் பொறுப்பு தாயே' என்று கும்பிடுகிறாள். அப்படியானால் அந்தப் புளி ஜாடி, தெய்வத்தின் மீது அவளுக்கு இருக்கும் சந்தேகத்தின் அடையாளமா?

தேனீ சொன்ன பாடம்

ஸ்ரீமத் பாகவதத்தின் 11-வது ஸ்கந்தத்தில் அவதூதர் ஒருவர் வருகிறார். இயற்கையிடம் தான் பாடம் கற்ற 24 குருமார்களைப் பற்றி யது மன்னனுக்கு எடுத்துச் சொல்கிறார். அவர்களில் ஒருவர் தேனீ! அது பாடுபட்டுத் தேனைச் சேர்க்கிறது. வேறு யாரோ வந்து எடுத்துச் செல்கிறார்கள். ஆகவே மாலைக்கு என்றோ, நாளைக்கு என்றோ உணவை எடுத்து வைக்கக் கூடாது என்பது அவர் கற்ற பாடம்.

கேட்டதும், 'பார்த்தீர்களா, சேர்த்து வைப்பது தவறுதான்' என்று தோன்றும். ஆனால், இது யாருக்குச் சொல்லப்பட்டது? பிச்சை ஏற்று உண்ணும் துறவிக்கு. அவர் கை நீட்டி நிற்பது யார் வீட்டு வாசலில்? இல்லறத்தார் வீட்டு வாசலில். அந்த வீட்டுப் பானையும் காலியாக இருந்தால், துறவியின் கதி என்ன?

இல்லறத்தாருக்கு வேறு பாடம் இருக்கிறது. தைத்திரீய உபநிஷதத்தின் பிருகு வல்லி, அன்னத்தைப் பழிக்காதே, அன்னத்தைத் தள்ளாதே, அன்னத்தைப் பெருக்கு என்று வரிசையாக விரதங்களைச் சொல்கிறது. அன்னத்தைப் பெருக்கச் சொன்ன கையோடு அடுத்து என்ன சொல்கிறது தெரியுமா? வீடு தேடி வந்த எவரையும் திருப்பி அனுப்பாதே என்கிறது! இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதில் பொருள் இருக்கிறது. வாசலுக்கு வருபவருக்கு இல்லை என்று சொல்லாமல் இருக்க வேண்டுமானால், உள்ளே ஏதாவது இருந்தாக வேண்டும் அல்லவா?

அயல் வீட்டு அவல்

குசேலர் கதை நமக்குத் தெரிந்ததுதான். பால்ய நண்பன் கண்ணனைப் பார்க்கத் துவாரகைக்குக் கிளம்புகிறார். வெறுங்கையுடன் போக முடியாதே! வீட்டிலோ ஒன்றும் இல்லை. அவர் மனைவி அக்கம்பக்கத்தில் கேட்டு நான்கு பிடி அவல் வாங்கி, கந்தலில் முடிந்து கொடுக்கிறாள். அதில் ஒரு பிடியை உண்டு கண்ணன் குசேலரை வாழ வைத்தான்.

கண்ணனின் கருணையைப் பாடுகிறோம். குசேலரின் பக்தியைப் போற்றுகிறோம். ஆனால் அந்த அவலைக் கொடுத்த அயல் வீட்டுக்காரர்களை யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. அவர்கள் வீட்டுப் பானையில் எடுத்து வைத்த அவல் இருந்தது. கேட்டதும் கொடுக்க மனமும் இருந்தது. பகவானின் வாய்க்குப் போன அவல், யாரோ ஒரு குடும்பத் தலைவியின் முன்யோசனையில் சேர்ந்தது. இதை யோசித்தால், புளி ஜாடியைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை என்று தெரியும்.

வெயிலைப் பிடித்து வைத்தவர்கள்

நம் முன்னோர் அடுக்களையை எவ்வளவு அழகாகத் திட்டமிட்டிருக்கிறார்கள் பாருங்கள். பங்குனி, சித்திரை வெயில் கொளுத்தும்போது மாடியிலும் முற்றத்திலும் பாய் விரிப்பார்கள். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய், கூழ் வடகம், அப்பளம் எல்லாம் காயும். புதுப் புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து அடைத்து வைப்பார்கள். துவரையைச் செம்மண் குழைத்துக் கட்டிக் காய வைப்பார்கள்; வண்டு அண்டாது. அரிசியில் காய்ந்த வேப்பிலை போடுவார்கள். நார்த்தங்காய் உப்பில் ஊறும். கேழ்வரகு வருடக் கணக்கில் கெடாமல் கிடக்கும்.

இவை எல்லாம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலைக்கு வரும். காய்கறிக்காரர் வர முடியாத நாளில் வற்றல் குழம்பு கொதிக்கும். கையில் காசு இல்லாத மாதக் கடைசியில் பருப்புப் பொடியும் சுட்ட அப்பளமும் குழந்தைகளின் வயிற்றை நிரப்பும். சித்திரையின் வெயிலைப் பிடித்து வைத்து ஐப்பசியில் பரிமாறுகிற வித்தை அது!

அரிசிப் பானையை ஒருபோதும் வழித்துத் துடைக்கக் கூடாது. ஒரு பிடியாவது மிச்சம் இருக்க வேண்டும் என்ற வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. அங்கே மகாலட்சுமி இருக்கிறாள் என்பது நம்பிக்கை.

கோயில்களும் இதையே செய்தன. தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்கு அருகில், திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. சுமார் 3,000 கலம் நெல் கொள்ளும் அளவுக்குப் பிரமாண்டமானது. கோபுரக் கலசங்களில் வரகு முதலான தானியங்களை நிரப்பிக் குடமுழுக்கின்போது மாற்றுவதும், ஊர் அழிந்தாலும் விதை அழியக் கூடாது என்பதற்காகத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், 2020 மார்ச்சில் நாடே ஊரடங்கில் முடங்கியபோதும், 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் தண்ணீரில் தத்தளித்தபோதும், உப்பு, புளி, பருப்பு என்ற பழைய துணைகளின் அருமை பலருக்குப் புரிந்தது.

பூட்டா? கதவா?

சரி, சேர்த்து வைப்பது தவறில்லை. ஆனால் சேர்த்து வைப்பது எப்போது பாவமாகிறது?

தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876-78 பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அப்போதும் தானியம் இருந்தது. ரயிலேறித் துறைமுகத்துக்குப் போய், கப்பலேறி வெளிநாடும் சென்றது. இருக்கும் இடத்தில் பூட்டும், பசித்த இடத்தில் வெறும் பானையும்!

பெரிய புராணம் இந்தக் கேள்விக்கு முன் நம்மை இரண்டு முறை நிறுத்துகிறது. இளையான்குடி மாற நாயனார் கொடுத்துக் கொடுத்தே வறியவரானவர். மழை கொட்டும் இரவில் சிவனடியார் ஒருவர் பசியுடன் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. நாயனார் இருட்டில் வயலுக்குப் போய், அன்று பகலில் விதைத்த நெல்லை வாரி எடுத்து வருகிறார். அவர் மனைவி அந்த ஈர நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்குகிறார். விதைநெல் என்பது நாளைய சோறு. எந்த வறுமையிலும் தொடக் கூடாதது. அதையே இன்றைய பசிக்காகத் தோண்டி எடுத்தார்கள் அந்தத் தம்பதி.

கோட்புலி நாயனாரின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. சிவபெருமானின் திருவமுதுக்கென்று நெல்லைச் சேர்த்து வைத்து, இதைத் தொடக் கூடாது என்று சுற்றத்தாரிடம் ஆணையிட்டுவிட்டுப் போருக்குப் போகிறார். பஞ்சம் வருகிறது. 'இப்போது எடுத்து உண்போம், பிறகு திருப்பி வைத்துவிடலாம்' என்று அவர்கள் எடுத்து உண்டு விடுகிறார்கள். திரும்பி வந்த நாயனார், ஒரு பச்சிளங்குழந்தையைக்கூட விடாமல் அத்தனை பேரையும் வாளுக்கு இரையாக்குகிறார். படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. இறைவன் அவருக்குக் காட்சி தந்து, மாண்டவர்களுக்கும் நற்கதி அளித்தான் என்று முடிகிறது வரலாறு. அடியாரின் பக்தியை எடை போட நமக்குத் தகுதி இல்லை. ஆனாலும், தெய்வத்துக்கென்று வைத்ததைப் பசித்தவன் தொடலாமா என்ற கேள்வி மட்டும் மனதைவிட்டு அகல மறுக்கிறது.

அதற்கு வடலூரில் ஒரு பதில் கிடைக்கிறது. 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவருக்குச் சோறிடுவதே கடவுள் வழிபாடு என்றார் அவர். அப்படிப் பார்த்தால், இறைவனுக்கு வைத்த நெல்லும் பசித்தவனுக்கு வைத்த நெல்லும் வேறு வேறு அல்லவே! அங்கேயும் தானியம் சேமிக்கப்படுகிறது. ஆனால் சாலையின் கதவு பசித்தவருக்குத் திறந்தே இருக்கிறது.

ஆக, பானையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, வாசலில் பசி வந்து நிற்கும்போது மூடி திறக்கிறதா என்பதுதான் சேமிப்பையும் பதுக்கலையும் பிரிக்கிற கோடு. பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காதபடி கடையைக் காலி செய்து அள்ளி வந்தது, அலமாரியில் இருந்தாலும் நம்முடையதல்ல.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல குடும்பங்களில் கஷ்ட காலத்துச் சேமிப்பு என்பது அந்த வீட்டுப் பெண் தன் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்தால் சாப்பிட்டு, இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துப் படுத்தவள் அவள். வாசலுக்கு வருபவரின் பசி மட்டுமல்ல, வீட்டுக்குள் இருப்பவளின் பசியும் பசிதான். அவளைக் காயவிட்டுச் சேர்க்கிற புண்ணியம் யாருக்கும் வேண்டாம்.

ஒரு பிடி போதும்

இதற்கெல்லாம் எளிய வழி ஒன்றைக் காஞ்சி மகா பெரியவர் காட்டினார். அதுதான் பிடி அரிசித் திட்டம். தினமும் உலை வைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு பாத்திரத்தில் போட வேண்டும். இப்படி வீட்டுக்கு வீடு சேர்வதைத் திரட்டி, உள்ளூர்க் கோயிலில் நைவேத்தியம் செய்து, ஏழைகளுக்கு அன்னமாக வழங்க வேண்டும். பணக்காரர் வீட்டுப் பிடிக்கும் ஏழை வீட்டுப் பிடிக்கும் அளவு ஒன்றுதான்!

தனக்கு நாளைக்கு என்று ஒரு பானை. பிறருக்கு இன்றைக்கு என்று ஒரு பிடி. இரண்டும் ஒரே அடுக்களையில் அருகருகே இருக்கும்போது, சேமிப்பே வழிபாடாகிவிடுகிறது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றத்தான் செய்கிறான். சில நேரங்களில் நம் வீட்டுக் குடத்திலிருந்து எடுத்து ஊற்றுகிறான்.

வருகிற வெள்ளிக்கிழமை அன்னபூரணியை வணங்கி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவை வையுங்கள். முதல் பிடியைப் போடுங்கள். உங்கள் இல்லத்தில் அன்னம் பெருகட்டும். கதவும் திறந்தே இருக்கட்டும்!