ஆறாம் நாளின் இரட்டிப்பு மன்னா



யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரத்தில் மன்னா தினந்தோறும் விழுந்தது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்க்க வேண்டும். மிச்சம் வைத்தால் புழுத்து நாறிப்போகும். ஆனால் ஆறாம் நாளில் மட்டும் ஆளுக்கு இரண்டு ஓமர்! ஏன்? மறுநாள் ஓய்வுநாள், வெளியே போனால் ஒன்றும் கிடைக்காது. அந்த மன்னா கெடவும் இல்லை. அல்லேலூயா! ஒழுங்கை வைத்த தேவனே, ஜனம் பட்டினி கிடக்கக்கூடாதென்று அந்த நாளுக்கு வேறு ஒழுங்கும் வைத்தார்.

2020 மார்ச் 24-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று மாலை தமிழ்நாடு அடைபட்டது; நள்ளிரவில் தேசமே அடைபட்டது. பஸ் இல்லை, கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை. நம்மூர் மல்லிகையை வாங்க ஆளில்லை. ஆராதனைக்குக் கூடவும் வழியில்லை. அந்த நாட்களில் ஒரு கூட்டம் வேறொரு பயத்தில் இருந்தது. ஹெராயினுக்கும், கரைத்து ஊசியில் ஏற்றும் வலி மாத்திரைக்கும் அடிமையாகி, அதிலிருந்து மீள மருந்து எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

அந்த மருந்தின் பெயர் புப்ரெனார்பின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில், தினமும் நேரில் வந்து ஊழியர் கண்முன் எடுக்க வேண்டும் என்பது அப்போதைய ஒழுங்காயிருந்தது. மருந்து வெளியே விற்கப்படக்கூடாதே! ஆனால் பஸ் ஓடாத நாளில் அவன் எப்படி வருவான்? மருந்து நின்றால் உடம்பெல்லாம் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. தாங்க முடியாமல் பழைய ஊசியைத் தேடுவான். இடைவெளி விட்ட உடம்புக்குப் பழைய அளவு தாங்காது, மூச்சே நின்றுபோகும்.

அப்போது ஒழுங்கை மாற்றினார்கள். பல நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதி கிடைத்தது. பஞ்சாபில் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மெத்தடோன் என்ற மருந்தை, நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரை கொடுக்க அனுமதித்து, 2024-இல் அதை நிரந்தர விதியாகவே ஆக்கினார்கள். இது ஆறாம் நாள் மன்னா அல்லவா?

"பாஸ்டர், விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு? போதைக்குப் பதிலா இன்னொரு போதைதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பிரியமானவர்களே, எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கேட்டு, பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் போடச் சொன்னாரே! வாக்குத்தத்தம் வந்த அதே வீட்டில் பற்றும் போட்டார்கள். வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து தவிப்பை அடக்கி, அவனை வேலைக்கும் குடும்பத்துக்கும் திருப்புகிறது. "தூக்கிப் போடு" என்று சொல்லி ஒரு பிள்ளையை மரணத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். நிறுத்துவதோ குறைப்பதோ வைத்தியரோடு பேசிச் செய்ய வேண்டியது.

நாளைக்கே புயலோ வெள்ளமோ கொள்ளைநோயோ வரலாம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். வீட்டுக்குக் கொடுத்ததைப் பூட்டி வையுங்கள். சிறு குழந்தை வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. மூச்சு மெதுவாகி உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அவனைத் தள்ளாதீர்கள். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டினதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, பணமும் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொன்னான். நாமும் திரும்பிப் போய் விசாரிக்கிற ஜனமாயிருப்போம். கர்த்தர்தாமே அந்தப் பிள்ளைகளுக்குப் பூரண விடுதலை தருவாராக. ஆமென்!