மேற்கோளை எதுவரை நம்பலாம்?

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழு (ஐபிசிசி) 2007இல் வெளியிட்ட நான்காம் மதிப்பீட்டு அறிக்கையில், ஆசியா பற்றிய அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. புவி இதே வேகத்தில் சூடேறினால் இமயமலைப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துபோக மிகுந்த வாய்ப்பு உண்டு என்றது அது. ஆதாரமாகக் காட்டப்பட்டது டபிள்யூ.டபிள்யூ.எஃப் அமைப்பின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. அந்த அறிக்கை நம்பியது 1999இல் ‘நியூ சயின்டிஸ்ட்’ இதழில் வந்த ஒரு செய்தியை. அந்தச் செய்தி நின்றது ஓர் ஆய்வாளர் நிருபரிடம் சொன்ன கருத்தின்மேல். அதற்கும் கீழே தோண்டினால் அளவீடு எதுவும் இல்லை.

அதே பகுதியில் ஓர் அட்டவணை. பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்கிறது அது. காகிதமும் பேனாவும் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். இடைப்பட்ட காலம் 121 ஆண்டுகள்; வகுத்தால் வருவது 23.5 மீட்டர்தான். 121க்குப் பதிலாக 21ஆல் வகுத்தால் 135.2 வரும். அச்சேறும்வரை இந்தக் கணக்கு அப்படியே நின்றது.

2010 ஜனவரியில் ஐபிசிசி, 2035 பற்றிய கூற்று போதிய ஆதாரமில்லாதது என்று ஒப்புக்கொண்டது. பனியாறுகள் உருகுவது உண்மை. அதே அறிக்கையின் முதல் தொகுதியில் பனியாறுகளைப் பற்றிய பகுதியில் இந்தப் பிழை இல்லை. ஆனாலும் காலநிலை மாற்றத்தையே மறுப்பவர்கள் கையில் அந்த ஒரு வாக்கியம் ஆயுதமானது.

சுற்றுச்சூழல் துறையில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களுக்கு எழுதவும் அரங்கில் பேசவும் கற்றுத்தரும் இடத்தில் இப்படிப்பட்ட பிழை எப்படி நேர்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை; பெரும்பாலும் பேசப்படுவது வேறு. அடிக்குறிப்பை எந்த வடிவத்தில் போடுவது, எழுத்தளவு என்ன, பத்து நிமிடத்துக்கு எத்தனை ஸ்லைடு. இவையும் வேண்டியவைதான். ஆனால் அடியில் இருப்பது ஒரு தத்துவக் கேள்வி: பிறர் சொன்னதை மேற்கோள் காட்டி எழுதுபவர், அந்த விஷயத்தை அறிந்தவர் ஆகிவிடுகிறாரா?

இந்தக் கேள்வியை இந்தியத் தருக்க மரபு நூற்றாண்டுகளாக அலசியிருக்கிறது. நியாய மரபு அறிவுக்கு நான்கு வழிகளை ஏற்றது: காட்சி, அனுமானம், ஒப்புமை, நம்பத்தக்கவர் சொல். நம்பத்தக்கவர் யார் என்பதற்கு நியாய சூத்திர உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இலக்கணம் வகுத்தார். பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சொன்னது கவனிக்க வேண்டிய ஒன்று. திக்நாகர் வழிவந்த பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு அளவைகள், அதாவது அறிவுக்கான வழிகள், இரண்டே: காட்சியும் அனுமானமும். ஒருவர் சொல்லை நம்புவதென்றால், அவர் நம்பத்தக்கவர் என்று முதலில் அனுமானித்தாக வேண்டும். தமிழில் இந்த வாதம் மணிமேகலையிலேயே வந்துவிட்டது. வஞ்சியில் அளவைவாதியிடம் பல அளவைகளைக் கேட்ட மணிமேகலைக்கு, காஞ்சியில் அறவண அடிகள் இரண்டை மட்டும் சொல்லி, ஏதுவும் எடுத்துக்காட்டும் எங்கெங்கே பழுதாகும் என்று விரிவாகப் பாடம் நடத்துகிறார்.

ஆய்வேடு எழுதுபவருக்கு இரண்டு தரப்புமே வேண்டும். மேற்கோளைத் தொடும்போது பௌத்தர் பக்கம் நிற்பதே நல்லது. அச்சில் வந்துவிட்டது என்பது ஆதாரமல்ல. யார் அளந்தார், எதைக் கொண்டு அளந்தார் என்று மூலம்வரை போய்ப் பார்த்த பிறகே அது ஆதாரமாகும். அதே நேரம், காலநிலையை ஒருவர் தன் இரு கண்ணால் முழுக்கப் பார்த்துவிட முடியாது. பிறர் சொல் இல்லாமல் இந்தத் துறையில் ஓர் அடி நகர வழியில்லை. அந்த இடத்தில் வாத்ஸ்யாயனர் கைகொடுக்கிறார். ஆய்விதழில் வந்ததை ‘கண்டறியப்பட்டுள்ளது’ என்றும், முப்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போகும் மீனவர் சொன்னதை ‘உள்ளூர் மக்கள் நம்புகின்றனர்’ என்றும் எழுதும் பழக்கம் பல ஆய்வேடுகளில் உண்டு. நீரோட்டத்தையும் காற்றையும் நேரில் அறிந்தவர் மீனவர். அவர் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எதைக் கண்டார் என்று எழுதுவதுதான் முறை. அவரை ‘நம்புகிறவர்’ ஆக்கி, எவரோ கேட்டு எழுதிய செய்தியை ‘ஆதாரம்’ ஆக்குவது அநியாயம், அறிவியலுக்கும் கேடு.

அனுமானத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு அழகான உதாரணம் 1985இல் ‘நேச்சர்’ இதழில் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் எழுதிய கட்டுரை. அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்தில் அக்டோபர் மாத ஓசோன் அளவு ஆண்டுக்காண்டு சரிந்துவந்தது. அந்தச் சரிவையும் காற்றில் குளோரோஃபுளோரோகார்பன் கூடுவதையும் ஒரே படத்தில் வரைந்தார்கள். பின்னதன் அளவுகோலைத் தலைகீழாக வைத்ததால் இரண்டும் சேர்ந்தே இறங்குவது கண்ணில் பட்டது. படம் வலுவானது. ஆனால் இரண்டு கோடுகள் ஒன்றாக நகர்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. தருக்க நூலார் இதை நன்றாக அறிந்தவர்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்காது, ஈரவிறகும் சேர வேண்டும். ஓசோன் விஷயத்தில் அந்த ஈரவிறகு, துருவ வானில் உறைகுளிரில் உருவாகும் மேகங்கள். அவற்றின் பரப்பில்தான் குளோரின் வினைக்குத் தயாராகிறது. சூசன் சாலமன் தலைமையில் 1986இல் மக்மர்டோ நிலையத்துக்குப் போன குழுவும், 1987இல் பறந்த ஆய்வு விமானங்களும் கொண்டுவந்த அளவீடுகள் அந்த விளக்கத்தை உறுதிசெய்தன. மூவரின் கட்டுரை ஓசோன் இழப்பை அளவீடாக முன்வைத்தது, காரணத்தை விளக்கமாக முன்வைத்தது. ஸ்லைடு தயாரிக்கும் மாணவர் இந்த வேறுபாட்டைத் தலைப்பிலேயே காட்டலாம்: இது நான் அளந்தது, இது நான் ஊகிப்பது.

வாய்மொழித் தேர்வு (வைவா) நடக்கும் அறைக்கும் பழைய மரபில் ஒரு பாடம் உண்டு. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை காணப் பேசுவது வாதம். வெல்லப் பேசுவது ஜல்பம். தனக்கென நிலைப்பாடு இல்லாமல் எதிராளியை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. மாணவரை மடக்கவே கேட்கும் தேர்வாளரும், கேள்வியைக் கேட்டதுமே தற்காப்பில் இறங்கும் மாணவரும் அறையை வாதத்திலிருந்து கீழே இறக்குகிறார்கள். ‘இந்த எண்ணை நான் அளக்கவில்லை, இன்னார் இந்தக் கருவியால் அளந்தது, அதன் பிழை வரம்பு இவ்வளவு’ என்று ஒரு மாணவி பதில் சொன்னால், அதைத் தடுமாற்றம் என்று குறித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதற்குத்தான் முழு மதிப்பெண் தர வேண்டும்.