இரண்டாம் சரக்கறை

கப்பல் மாடல் செய்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பீரங்கிகள் மேல்தான் ஆசை. எனக்குச் சரக்குக் கப்பல் போதும். மதுரை ஆரப்பாளையத்தில் ஹார்வி மில் சங்கைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா பஞ்சு குடோனில் வேலை பார்த்தார். பொதி ஏற்றி இறக்குகிறவர்களின் உழைப்பை அன்றாடம் பார்த்த கண்ணுக்கு, சுமக்கும் கப்பல்தான் அழகாகத் தெரிகிறது.

இப்போது என் மேசையில் இருப்பது டிரம்பெட்டர் நிறுவனத்தின் லிபர்ட்டி கப்பல் கிட். 350-இல் ஒரு பங்கு அளவு. 441 அடிக் கப்பல் ஒரு முழத்துக்கும் குறைவாக அடங்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா இந்த வகையில் 2,710 கப்பல்களைக் கட்டியது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும் வேகத்தைவிடக் கட்டும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. 1942 நவம்பரில் ‘ராபர்ட் இ. பியரி’ ஐந்து நாள்கூட ஆகாமல் தண்ணீரில் இறங்கியது.

நான் செய்வது லிபர்ட்டியை அல்ல, அதன் கனடாச் சகோதரியை. 1942-இல் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் கட்டப்பட்ட ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’. இரண்டுக்கும் மூலம் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் போட்ட வரைபடம். லிபர்ட்டியில் மாலுமி மேடையும் புகைபோக்கியும் ஒரே கட்டடமாக நிற்கும். ஃபோர்ட் வகையில் இரண்டும் தனித்தனி, நடுவே ஒரு சரக்கறை வாய். அதனால் கிட்டில் வந்த நடுக்கட்டடத்தை அறுத்தெடுத்து, பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகக் கட்டி, புட்டி வைத்து, உப்புத்தாள் தேய்க்க வேண்டியிருக்கிறது. மெதுவான வேலை. கை தேய்த்துக்கொண்டிருக்க, மனம் 1944 ஏப்ரல் 14-க்குப் போய்விடுகிறது.

அன்று அந்தக் கப்பல் பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்றது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய 8,700 பஞ்சுப் பொதிகள். எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், போர் விமானங்கள், தங்கக் கட்டிகள். இரண்டாம் சரக்கறையில் கீழே பஞ்சு, மேலே வெடிமருந்து. மதியம் இரண்டு மணியளவில்தான் கப்பல்காரர்களுக்குத் தீ தெரிந்தது. 900 டன் தண்ணீருக்கு மேல் பாய்ச்சினார்கள். புகைமூட்டத்தில் தீயின் இடம் பிடிபடவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்கு வெடித்துக் கப்பல் இரண்டானது. அரை மணிக்குள் இன்னொரு வெடிப்பு. இறந்தவர்கள் 800 முதல் 1,300 பேர் வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

என்னை உறங்கவிடாத விஷயம் வேறு. பன்னிரண்டரை மணிக்கே பக்கத்தில் இருந்த சிலர் அந்தக் கப்பலின் காற்றுக் குழாயில் புகையைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கப்பலில்தான் அத்தனை ஆள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணியிருப்பார்கள். நாமும் தினமும் அப்படித்தானே எண்ணுகிறோம்! அடுத்தவர் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பதை நல்ல பழக்கம் என்றே சொல்லி வளர்த்தார்கள். எனக்கு இன்று அது பாதிதான் நல்லதாகப் படுகிறது.

பஞ்சில் பிடித்த தீயைப் பற்றி அப்பா சொல்லித் தந்தது நினைவில் இருக்கிறது: “பேல்ல தீப்பிடிச்சா வெளிய தெரியாதுப்பா, உள்ளுக்குள்ளயே கனியும். தண்ணிய ஊத்திட்டு அணைஞ்சிருச்சுன்னு நம்பாத. வெட்டவெளிக்கு இழுத்துட்டு வந்து, பட்டய வெட்டிப் பிரிச்சுப் பாரு.” இறுகக் கட்டிய பொதிக்குள் கொஞ்சம் காற்று இருந்தாலே போதும், மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மெல்லிய புகை ஒன்றுதான் அதன் அடையாளம். அதைக் கண்டவன் சொல்லாவிட்டால், பிறகு வருகிற தீயணைப்பு வீரன்தான் நேரே அதன் வாய்க்குள் போக வேண்டியிருக்கிறது. 2020 தீபாவளியை ஒட்டிய இரவில், நம் விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடை தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தார்கள். துணியும் பஞ்சும் விற்றுப் பிழைக்கும் ஊர் நமது. பம்பாய்த் துயரம் நமக்குத் தூரத்துக் கதை ஆகாது.

மாடலில் இரண்டாம் சரக்கறையின் மூடியை நான் ஒட்டப் போவதில்லை. அரிசிமணி அளவில் பொதிகளை நறுக்கி, பழுப்பு வண்ணம் பூசி, உள்ளே அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மூடியிருந்தால் அழகான கப்பல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திறந்திருந்தால் இது என்ன என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லலாம்.

அந்த 66 பேரின் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீயணைப்புச் சேவை வாரம் நடக்கிறது. பெரும்பாலும் நம் சித்திரை முதல் நாளில்தான் அது தொடங்குகிறது. அன்று கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். மற்ற நாட்களில், எந்தக் கூரையிலாவது, எந்தக் கடை ஷட்டர் இடுக்கிலாவது புகை தெரிந்தால் உடனே 101-க்கு அழையுங்கள். வேறு யாராவது அழைத்திருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.