தாளாளரைக் கேட்கலாமா?

கேள்வி கேட்கப்படும்போது நம்முள் முதலில் எழுவது மறுமொழி அன்று, சினமே. இதனை நான் குருமடத்து நூல்களில் கற்கவில்லை. முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் பள்ளியின் தாளாளராகவும் இருந்தேன். ஆண்டுதோறும் நடக்கும் பெற்றோர் கூட்டம். வாழ்த்துரைகள் முடிந்து நன்றியுரைக்கு ஆசிரியர் ஒருவர் எழுந்த நேரத்தில், பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து நின்றார். "சாமி, போன வருசம் கட்டடத்துக்குன்னு ஆளுக்கு ஐந்நூறு ரூபா வாங்குனீங்களே, கட்டடம் எங்க சாமி?" என்றார். "அது நிர்வாகக் காரியம், அம்மா. உட்காருங்கள்" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பணம், அரசு ஊதியம் பெறாத இரண்டு ஆசிரியைகளின் சம்பளப் பாக்கிக்குப் போயிருந்தது. ஒன்றுக்கென வாங்கியதை மற்றொன்றுக்குச் செலவிட்டது பிழைதான். ஆயினும் மறைக்கவேண்டிய பிழை அன்று. கணக்கேடு என் மேசை மேலேயே இருந்தது. எடுத்து வாசித்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். வாசிக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தத் தாயின் மகள் எங்கள் பள்ளியில் இல்லை.

இப்போது கச்சிராயபாளையத்தில் இருந்துகொண்டு இதனை எழுதுகிறேன். கோமுகி அணைக்குப் பின்னால் கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. அம்மலை மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். கேட்பதற்கு அலுவலகம் இல்லை, மன்றம் இல்லை. கேள்வி கேட்பது அங்கே இரண்டு தலைமுறைக்குள் வந்த பழக்கம். அவர்களுக்கு இன்று சட்டம் சில வாயில்களைத் திறந்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில், ஊர்ப் பள்ளியைப் பற்றி வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளிக்கு வந்த மானியம் எவ்வாறு செலவானது எனக் கண்காணிப்பது அக்குழுவின் பணிகளில் ஒன்று. ஆனால், எழுதிவைத்த தீர்மானத்தில் கையொப்பம் மட்டும் வாங்கி அனுப்பிவிடும் கூட்டங்களும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

வாயில் அடைபட்டால் என்ன ஆகும்? இதற்குத் தொலைவிலிருந்து சான்று தேட வேண்டியதில்லை. 2022 ஜூலையில் நம் மாவட்டத்துக் கனியாமூரில், தனியார் பள்ளியொன்றின் விடுதியில் தங்கிப் படித்த மாணவி இறந்தார். அந்த இறப்பின் காரணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் புகவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. ஊரார் சில நாள்கள் தெருவில் அமர்ந்து விடை கேட்டனர். 17ஆம் நாள் அந்தக் கேள்வி கலவரமாயிற்று. பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. எரித்தவர் செய்தது குற்றம், அதில் ஐயமில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கும் அரசவையின் வாயில் திறந்தது. கோவலன் கொலையுண்ட பின்னரே திறந்தது. மதுரை எரிந்த கதையை நாம் அவளது கற்பின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். காலந்தாழ்ந்து கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் கதையாகவும் அதனைப் படிக்கலாம்.

இனி, நமக்குச் சற்று உறுத்தலான இடத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தும் நாம், "எங்களுக்குச் சிறுபான்மை உரிமை உண்டு" என்று கூறுகிறோம். உண்மையே. அரசியல் சாசனத்தின் 30ஆம் உறுப்பு அதனை வழங்கியிருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என 2025இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பியிருக்கிறது. வழக்கு எவ்வாறு முடிந்தாலும் ஒன்றை மறக்கலாகாது. அந்த உரிமை அரசின் தலையீட்டைத் தடுக்க எழுப்பிய வேலி. அதைக் கொண்டுவந்து, தன் பிள்ளையை நம்மிடம் ஒப்படைத்த தாயின் முன் நிறுத்துவது எந்த நியாயம்? நிர்வகிக்கும் உரிமையில் சீர்கெட நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று 1958இலேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சீர்கேடு எங்கே என்று முதலில் காண்பவர் கல்வி அதிகாரி அல்லர், பெற்றோரே.

திருச்சபையின் போதனையும் இதற்கு மாறானதன்று. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில் அறிக்கையிட்டது. நம்மிடம் உள்ள அதிகாரம் அவர்களிடமிருந்து வந்த இரவல். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் சட்டம், திருச்சபையின் நன்மை பற்றிய தம் கருத்தை ஆயர்களுக்கும் குருக்களுக்கும் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை என்பதோடு நிற்கவில்லை. சில வேளைகளில் அது அவர்களின் கடமை என்றும் கூறுகிறது. திருத்தூதர் பணிகள் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கொர்னேலியுவின் வீட்டில் உணவருந்தித் திரும்பிய பேதுருவை எருசலேமில் இருந்தவர்கள் குறை கூறினர். அவர் தம் பதவியை நினைவூட்டவில்லை. நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எடுத்துரைத்தார். கேட்டவர்கள் அமைதி அடைந்து கடவுளைப் புகழ்ந்தனர். பேதுருவுக்கு இல்லாத சினம் தாளாளருக்கு எங்கிருந்து வந்தது?

கேட்பவருக்கும் கடமை உண்டு. சாதிப் பகையையும் சங்கத் தேர்தல் தோல்வியையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஆசிரியையின் பெயரைக் கூட்டத்தில் இழுப்பது கேள்வி அன்று. ஆனால் இந்த அச்சத்தைக் காட்டியே நாம் பல கூட்டங்களை நன்றியுரையோடு முடித்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காக அந்தப் பழைய பங்குக்குப் போயிருந்தேன். பந்தியில் அந்தத் தாயைக் கண்டேன். பணம் எங்கே போயிற்று என்று, எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின், அவரிடம் சொன்னேன். இலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "டீச்சருங்க சம்பளத்துக்கா? அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொரு ஐந்நூறு குடுத்திருப்பமே சாமி" என்றார்.