பிணி நீக்குவது சிறிய அறமா?

வள்ளலார் தம் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, கொலை, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் என ஏழாக வகுக்கிறார். ஏழையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. பசியையும் கொலையையும் நீக்குவது பர ஜீவகாருண்யம்; மற்ற ஐந்தையும் நீக்குவது அபர ஜீவகாருண்யம். முன்னது பேரின்பத்துக்கு வழி, பின்னது இவ்வுலக நலத்தோடு நிற்பது. 1867ல் வடலூரில் தருமச்சாலை திறந்து அடுப்பு மூட்டியவர் பசிக்கு முதலிடம் தந்ததில் வியப்பில்லை. அவரைப் படிக்காதவர்களிடமும் ஏறத்தாழ இதே வரிசைதான் ஊறிக்கிடக்கிறது. தெருநாய்க்குச் சோறு வைப்பது புண்ணியம். அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது புண்ணியம். அதே நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும் அதே பசுவுக்குக் கோமாரி ஊசியும் போடுவது மட்டும் ஏனோ அரசாங்க வேலை. விலங்குகளைப் பொறுத்தவரை இந்த வரிசை பொருந்தாது என்பது என் வாதம். அதை நிறுவ வள்ளலாரை மறுக்க வேண்டியதில்லை. அவருடைய அளவுகோலே போதும்.

கோமாரியை எடுத்துக்கொள்வோம். காணை என்றும் சொல்வார்கள். காய்ச்சலில் தொடங்கும், ஓரிரு நாளில் நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் கிளம்பி உடையும். நாக்கின் மேல்தோல் உரிந்து வந்துவிடும். வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்க, மாடு தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நிற்கும். குளம்பின் பிளவில் புண் வைத்து, கவனிக்காவிட்டால் புழுவும் வைக்கும். காலை உதறி உதறி நிற்கும். வளர்ந்த மாடு பெரும்பாலும் இதில் சாவதில்லை. இளங்கன்றுதான் இதயம் பாதித்துத் திடீரென விழும். 'சாகாத நோய்தானே' என்ற அலட்சியம் இங்கேதான் பிறக்கிறது. பிழைத்த மாட்டுக்குப் பால் வற்றுகிறது, சினை தள்ளிப்போகிறது. சிலவற்றுக்கு வெயில் ஏறினால் மூச்சிரைப்பு ஆயுளுக்கும் நிற்கிறது. இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பம் கறக்காத மாட்டுக்கு எத்தனை மாதம் தீவனம் போடும்? சந்தையில் அது அடிமாட்டு விலைக்குப் போகிறது. வாயில் கொப்புளம் வந்த நாளில் அந்தப் பசு பட்டினி கிடந்தது. சில மாதம் கழித்துக் கொலைக்குப் போனது. பிணி என்று தனியே பிரித்து வைத்த துன்பம் பசிக்கும் கொலைக்கும் வாசலாக இருந்திருக்கிறது. வாசலிலேயே தடுப்பதைச் சிறிய அறம் என்று எப்படிச் சொல்வது?

நாயின் கதை இன்னும் கடுமையானது. வெறிநோய்க் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறும். அறிகுறி தென்பட்ட பிறகு நாய்க்கும் மருந்தில்லை, மாட்டுக்குமில்லை, மனிதருக்குமில்லை. எல்லா நாயும் வெறிபிடித்து ஓடிக் கடிப்பதும் இல்லை. சில நாய்களுக்குத் தாடை தளர்ந்து தொங்கும், விழுங்க முடியாது, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து, இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடுகிறார்கள். கடிபட்ட பசு தீனி எடுக்காதபோதும் இதுவே நடக்கிறது. அறியாத இரக்கம் கருணையுள்ளவரையே பலி கேட்பது இங்கேதான். பிறகு ஊர் கம்பெடுக்கும். ஒரு நாய்க்கு நோய் கண்டால் பத்து நாய் அடிபடும். 1926ல் அகமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்தபோது காந்தி அதை ஆதரித்து 'யங் இந்தியா'வில் எழுதி, அகிம்சை அன்பர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டார். பொறுப்பேற்று வளர்க்காமல் சோற்றை மட்டும் வீசுவது கருணையாகாது என்பது அவர் கட்சி. பாதி சரி. ஆனால் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடும் வழக்கம் அன்று இந்தியாவில் இல்லை. கொல்வதா, விடுவதா என்ற இரண்டே வழிகள்தான் அவர் முன் இருந்தன. நமக்கு மூன்றாவது வழி இருக்கிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற கணக்கு. கோவாவில் ஆண்டுதோறும் அப்படிப் போட்டு வந்ததில், 2021ல் அது வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு நாய்க்குப் போடும் ஊசி, அந்தத் தெருவின் மற்ற நாய்களைக் கம்பிலிருந்தும் காக்கிறது.

நோய் அதனதன் வினைப்பயன், நாம் யார் குறுக்கிட என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு வள்ளலாரே பதில் சொல்லிவிட்டார். கடவுள் தண்டனையாக வந்த பசியை ஆற்றுவது கடவுள் ஆணைக்கு விரோதமாகாதா என்று அவரே கேட்டு, அரசன் தன் சிறைக் கைதிகளுக்கும் சேவகரைக் கொண்டு உணவு கொடுப்பிக்கிறான் என்று காட்டி, இல்லை என்கிறார். பசிக்குச் செல்லும் நியாயம் கொப்புளத்துக்குச் செல்லாமற் போகாது. வினையை நம்புகிறவர் தம் பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்தை மறுப்பதில்லை என்பதும் கவனிக்கத் தக்கது.

இதைவிடக் கனமான தடை ஒன்றுண்டு. தடுப்பூசியே உயிர்க்கொலையில் பிறந்ததல்லவா? ஆம், மறைக்க முடியாது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று முந்தைய தலைமுறை நடுங்கியதே, அந்த மருந்து 1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்தது. ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து எடுத்தது. நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அது தயாரானது. மனிதரைக் காக்க ஆடுகள் மாண்டன. அந்தக் கடனை யாரும் தீர்த்துவிட்டதாகச் சொல்லக்கூடாது. இன்று அந்த இடத்தில் ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்து எடுக்கும் மருந்து வந்துவிட்டது. மாட்டு வெக்கை நோயின் வரலாறும் இப்படித்தான். முக்தேஸ்வரில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆடுகளைக் கொண்டு தடுப்பு மருந்து உருவாக்கினார். அந்நோயை எதிர்க்கவே 1932ல் ராணிப்பேட்டையில் ஒரு நிலையம் தொடங்கியது. பட்டி பட்டியாக மாடுகளை அழித்த வெக்கை 2011ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். இனி எந்த மாடும் வெக்கையில் சாகாது. பலியானவற்றின் கணக்கை இதைக்காட்டி அடைத்துவிட முடியாது. ஆனால் கை சுத்தமாக இருக்க வேண்டுமென்று அன்று ஒதுங்கியிருந்தால், வெக்கை இன்றும் மாடுகளைக் கொன்றுகொண்டிருக்கும்.

மாட்டுக்கு ஊசி போடுவது பாலுக்காக, நாய்க்குப் போடுவது நம் பயத்துக்காக. இதில் கருணை எங்கே என்று கேட்கலாம். சுயநலம் கலந்திருக்கிறது, உண்மைதான். பசிக்குச் சோறிடுவதிலும் புண்ணியக் கணக்கு கலந்தே இருக்கிறது. அதற்காக அன்னதானத்தை யாரும் தள்ளுவதில்லை. பிணி நீக்குவதை அரசனின் தருமமாகவே கல்லில் வெட்டியவர் அசோகர். அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம் மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இரண்டு வகை மருத்துவத்தைச் சொல்கிறது. மூலிகை இல்லாத இடங்களில் கொண்டுவந்து நடச் சொன்னதையும் பதிகிறது. அந்த ஏற்பாடு சென்ற நாடுகளில் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆக, இது மேற்கிலிருந்து இறக்குமதியான கவலை அல்ல.

சோறு வைப்பவர்களை இந்த வாதம் குற்றம் சொல்லவில்லை. வலை வீசிப் பிடிக்க வேண்டிய நாய், தினம் சோறிடும் கைக்குத் தானாக வரும்; ஊசி போடும் நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்தக்கூடியவர் அவர்தான். வெறிநோய் ஊசி ஆண்டுக்கு ஒருமுறை. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2019ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அது இலவசம். ஊசி போட்ட ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம், லேசான காய்ச்சல் வரலாம். அதற்குப் பயந்து முகாமன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாதீர்கள். அகத்திக்கீரை கொடுக்கப் போகிறவர்கள், அந்தப் பசுவுக்கு இந்தச் சுற்று ஊசி போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.