ஏறியவன் காணாத சுவர்

அனுபவசாலிகள் மனமாரச் சொல்லும் புத்திமதி இளைஞர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாமல் போவது ஏன் என்ற கேள்வி எழும்போதெல்லாம், கேட்பவர்களுடைய அவசரத்தையும் அலட்சியத்தையும் காரணமாகக் காட்டுவதே நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. சொல்பவர் நிற்கும் இடத்திலும் குறை இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை எனக்கு உண்டாக்கியது, ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரத்தில், டாரிடன் பள்ளத்தாக்கின்மேல் நெடுஞ்சுவராக எழுந்து நிற்கும் லீயஹக் என்னும் மலையின் அமைப்பாகும்.

ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தில் ஒரு புல்கூட முளைத்திராத காலத்தில், பேராறுகள் அடித்துவந்து படிவித்த மணலே இறுகி அம்மலையின் செம்பழுப்புப் பாறையாயிற்று. அந்த அடுக்குகள் அதிகம் சாயாமல் கிடையாகவே கிடப்பதாலும், அவற்றுள் வன்மையானவை செங்குத்தாக நிலைத்து நிற்க மென்மையானவை தேய்ந்து பின்வாங்கியமையாலும், பண்டைப் பனியாறுகள் அறுத்துச் சென்ற அதன் சரிவு, ஒரு சுவர், அதன்மேல் புல் படர்ந்த ஒரு குறுந்திட்டு, மீண்டும் ஒரு சுவர் என்ற கிரமத்திலே, கடல்மட்டத்தை ஒட்டிய பள்ளத்தாக்கிலிருந்து 1,055 மீட்டர் உயரச் சிகரத்தை நோக்கிச் செல்கிறது.

இவ்வமைப்பினால் விளையும் விசித்திரம் ஒன்று உண்டு. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுடைய கண்ணைச் சுவர்களே நிறைக்கின்றன. இடையிலுள்ள திட்டுகள் அவனுக்குப் புலப்படுவது அரிது. முகட்டில் நின்று குனிந்து பார்ப்பவனுக்கோ சுவர்கள் யாவும் மறைந்து, திட்டுகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பசும்படிகள்போல் தோன்றுகின்றன. அப்படிகளை நம்பி, மூடுபனியில் வழி தவறி, நேரே கீழிறங்கத் துணிபவன் எதிர்பாராத விளிம்பில் வந்து நிற்க நேரும். அது பழகிய மலையேறிகளுக்கே உரிய மலை என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வறுமையையோ நோயையோ உற்றாரின் மரணத்தையோ கடந்து வந்த பெரியவர், அதே துன்பத்தின் அடிவாரத்தில் நிற்கும் இளைஞனிடம், "இதெல்லாம் ஒரு கஷ்டமா, தம்பி? படிப்படியாகச் சரியாகிவிடும்" என்று சொல்லும்போது, அவர் பொய் சொல்லவில்லை, அவர் நிற்கும் உயரத்திலிருந்து படிகள்தாம் தெரிகின்றன. திகைத்து நிற்கும் இளைஞனும் கோழையல்லன்; அவன் கண்முன் இருப்பது பிரத்தியட்சமான சுவர். இருவரும் காண்பது உண்மையே ஆயினும், ஒவ்வொருவர் காண்பதும் பாதி உண்மைதான்.

அம்மலையின் முகட்டிடையே அம் ஃபாசரினன் எனப்படும் கூரிய பாறைக் கொம்புகள் வரிசையாக நிற்கின்றன. கையும் காலும் ஊன்றி அவற்றின்மேல் செல்ல அஞ்சியவர்கள், தென்புறச் சரிவில் நடந்து நடந்தே ஒரு சுற்றுவழியை உண்டாக்கிவிட்டார்கள். பார்வைக்குச் சுலபமாகத் தோன்றும் அந்த ஒற்றையடிப் பாதை, அரித்துப்போன மண்ணும் ஒருபுறம் பெரும்பள்ளமுமாக இருப்பதால், முகட்டின்மேல் செல்வதே மேல் என்று கருதுவோர் பலர். அடிச்சுவடு, ஒருவன் அவ்வழியே போனான் என்பதைத் தெரிவிக்குமேயன்றி, எவ்வளவு நடுக்கத்தோடு போனான் என்பதைத் தெரிவிப்பதில்லை. உபதேசங்களும் பெரும்பாலும் இத்தகைய அடிச்சுவடுகளே. நடந்தவனுடைய அச்சம் ஆறிப்போன பின்பு, வழி மாத்திரம் எஞ்சி நிற்கிறது.

ஆதலால், மூத்தோரிடம் யோசனை கேட்கச் செல்லும் இளைஞர்கள், "நீங்கள் எப்படி வென்றீர்கள்?" என்று கேட்பதைக் காட்டிலும், "எந்த இடத்தில் உங்களுக்குக் கால் நடுங்கியது?" என்று கேட்பது பயனுடையது என்பது என் அபிப்பிராயம். அதற்கு உடனே விடை சொல்லக்கூடியவர், ஏறிய பின்னும் சுவரை மறவாதவர். அவர் சொல்லும் வழியை நம்பலாம். தமக்கு எங்குமே நடுங்கவில்லை என்பவரை வணங்கிவிட்டு, வழியை வேறொருவரிடம் விசாரித்துக்கொள்வதே விவேகம்.